அழுத்தாத கையெழுத்து

ஜனவரி 5, வியாழன்

இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

ஜனவரி 6, வெள்ளி

பால்பாயிண்ட் பேனா அழுத்தினால்தான் எழுதுகிறது. என் வலது கை அழுத்த மாட்டேன் என்கிறது. இன்று மூன்று வரி எழுத உத்தேசம். இரண்டாவது வரியிலேயே

ஜனவரி 9, திங்கள்

நவம்பரில் என் மண்டியில் மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் நேராகிவிட்டது. கால் தேறி வருகிறது. கைதான் அடம் பிடிக்கிறது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற ஸ்டெல்லா என்கிற பெண் சொல்லித்தான், வரிக்கு வரி ஓய்வு கொடுத்து, இதை எழுதுகிறேன்.

"பந்து அமுக்குனது போதும் அங்கிள். இனி தெனம் டைரி எழுதுங்க."

"டைரி எழுத நான் என்ன மந்திரியாம்மா?"

"மந்திரிக்கு வேற ஆளு எழுதிக் குடுப்பாங்க. உங்களுக்கு நீங்கதான் எழுதணும்."

வாய்க்காரப் பெண். எங்கள் மண்டியில் இருந்திருந்தால் தரகு பேசப் போட்டிருப்பேன்.

ஜனவரி 12, வியாழன்

இன்று ஜெகன் கடைப் பேச்சை எடுத்தான். எனக்கு ஒரே பையன். எம்.பி.ஏ. படித்தவன். நான் படுத்த நாளிலிருந்து மண்டியில் உட்காருகிறான்.

கடை என் பெயரில். பேங்க் கணக்கு என் பெயரில். வே. அருஞ்சுனை என்று என் கையெழுத்து விழாமல் ஒரு செக் நகராது. அதை அவன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறான்.

"ரெண்டு மாசமா எப்படிலே ஓட்டுன?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பேசிச் சமாளிச்சிட்டேன்ப்பா."

கெட்டிக்காரன். பேசிச் சமாளிப்பது என்னிடமிருந்து போன குணம்.

நான் ஒரு முடிவு சொன்னேன். "மார்ச் கடைசிக்குள்ள நான் என் கையால ஒரு செக்குல கையெழுத்துப் போடுவேன். அது பேங்க்ல பாஸ் ஆச்சுன்னா, இருக்கிறவரைக்கும் கடை என் கையில. ஆகலன்னா ஏப்ரல் புதுக் கணக்குல இருந்து எல்லாத்தையும் நீ எடுத்துக்கோ. நான் வீட்டுல கெடந்து பேப்பர் படிக்கேன்."

என் வீட்டுக்காரி ஜெயக்கனி அடுப்படியிலிருந்து, "ஒடம்பு தேறி வர்ற நேரத்துல என்னங்க பந்தயம்?" என்றாள். ஜெகன் அவளைப் பார்த்தான். பிறகு "சரிப்பா" என்றான். அவன் முகம் தெளியவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயமாக இருக்கும்.

ஜனவரி 17, செவ்வாய்

டாக்டரைப் பார்க்கத் திருநெல்வேலி போனேன். திரும்பும்போது ஜங்ஷன் பக்கம் ஒரு பேனாக் கடை கண்ணில் பட்டது. அழுத்தாமல் எழுத மைப்பேனாதான் சரி என்று ஸ்டெல்லா முன்பே சொல்லியிருந்தாள். காரை நிறுத்தச் சொன்னேன்.

கடைக்காரர் ஹபீப் பாய். என் வயதுதான் இருக்கும். சட்டைப்பையில் நான்கு பேனா.

"என்ன எழுதப் போறீய அண்ணாச்சி?"

"என் பேரு."

"பேரு எழுதவா கார் போட்டு வந்தீய?"

"அந்தப் பேருலதான் என் கடை ஓடுது பாய்."

அதற்குப் பிறகு மரியாதையாகப் பெட்டிகளைத் திறந்தார். முதலில் ஒல்லியாக ஒரு ஸ்டீல் பேனா. பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை. விரலில் நிற்காமல் வழுக்கியது. அடுத்தது பித்தளையில் செய்து வண்ணம் பூசியது. கால்வாசிப் பக்கம் எழுதினால் மணிக்கட்டு தொங்கிவிடும். மூடியைப் பின்னால் செருகிப் பார்த்தேன். பின்பாரம் ஏற்றிய வண்டி மாதிரி மூக்கைத் தூக்கியது.

"நான் வத்தல் வியாபாரி. சரக்கை ஒடைச்சி மோந்து பாத்துத்தான் வாங்குவேன்."

"அப்ப இதை மோந்து பாருங்க" என்று கறுப்பாக, தடியாக ஒன்றைக் கொடுத்தார். எபோனைட் பேனா. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து இறுக்கிக் கடைவார்களாம். மோந்தேன். கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் நிற்கிற வாசம். கையில் பிடித்தால் உலோகம் மாதிரிச் சில்லென்று இல்லை. உடம்புச் சூடு அதற்கும் ஏறிவிடுகிறது. தடிமனாக இருந்ததால் விரல்கள் இறுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"நிப்பு நடுத்தரமா எடுங்க. மெல்லிசு பேப்பரைக் கீறும். பட்டை மையைக் குடிக்கும்."

எழுதிப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் அழுத்திவிட்டேன். பாய் பதறிப்போனார்.

"பேப்பரை உழாதீய அண்ணாச்சி! நிப்பு முள்ளு விரிஞ்சிரும். பேனாவோட கனமே போதும். நீங்க வழி மட்டும் காட்டுங்க."

விலையை அவர் சொன்னார், நான் பாதி சொன்னேன். அவர் பேனாவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். நான் எழுந்தேன். அவர் மறுபடி வெளியே எடுத்தார். இரண்டு பேருக்கும் பொழுது நன்றாகப் போனது.

ஜனவரி 18, புதன்

மை வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் எழுதிவிட்டேன். கை வலிக்கவில்லை. இத்தனை வருஷமாக எழுதுவது என்றால் மூட்டை தூக்குகிற மாதிரி ஒரு வேலை என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 2, வியாழன்

மையைப் பற்றி இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். சாதா நீலம் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அது பள்ளிக்கூடச் சரக்கு. கடைக்குக் கருநீலம்தான். எழுதும்போது நீலமாக இருந்து காய்ந்ததும் கறுக்கிறது. ஒரு மையை மாற்றினால் பேனாவைத் தண்ணீரில் நிறம் போகும்வரை அலச வேண்டும். அப்படியே அடுத்ததை ஊற்றினால் உள்ளே கட்டிதட்டிப் போகும்.

காகிதம் அதைவிட முக்கியம். மண்டி பில் புத்தகத்தில் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைக்கிறது. நல்ல வழவழப்பான நோட்டு இரண்டு வாங்கினேன். இதில் மை ஈரமாகக் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டுப் பிறகு படிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்றால், ஆம், இப்போதைக்கு அதுதான் என் வேலை.

டிராப்பரால் மை ஊற்றும்போது கை உதறி வேட்டியெல்லாம் நீலம். ஜெயக்கனி, "கதவுக்குப் பெயிண்ட் அடிச்சீயளா?" என்றாள்.

பிப்ரவரி 11, சனி

மூன்றாவது பேனா வாங்கினேன். இரண்டாவதைப் பற்றி இதில் எழுதவில்லை. இரண்டாவது ஜப்பான் சரக்கு, தங்க நிப். முனை லேசாக வளைந்துகொடுக்கிறது, எதிர்த்துப் பேசாத மருமகன் மாதிரி. மூன்றாவது சட்டைப்பைக்கு, சின்னது. மூடியைத் திருக வேண்டாம், இழுத்தால் போதும். ஒரு கையால் திறக்கலாம்.

மூன்று எதற்கு என்கிறாள் ஜெயக்கனி. மூன்று பட்டுச்சேலை எதற்கு என்று நான் கேட்டதுண்டா? கேட்டதுண்டு. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தினசரிக்கு அந்தக் கறுப்புத் தடியன்தான். மற்ற இரண்டும் விருந்தாளிகள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

குண்டூர் புரோக்கர் சாம்பசிவம் உடம்பு விசாரிக்க வந்தார். ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தார், எண்ணி ஐந்து. இவர் மூலமாகத்தான் இருபது வருஷமாகக் குண்டூர்ச் சரக்கு எடுக்கிறேன்.

"நீங்க மனுசன்யா அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் சரக்கு அனுப்புன பார்ட்டிக்குச் செக்குல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க. ஒரு நாள் பிந்தலை. குண்டூர்ல ஒங்க பேச்சாத்தான் இருக்கு."

நான் "ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது. ஜெயக்கனி காபித் தம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமலே உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியில் முதல் பத்து நாள் எனக்கு ஞாபகமில்லை. போட்டிருப்பேனாக இருக்கும். ஜெகன் கையைப் பிடித்துப் போடவைத்திருப்பான்.

தடியனை இன்று முழுசாகப் பிரித்துக் கழுவினேன். நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையில் மயிரிழை மாதிரிக் கோடு போட்டிருக்கிறார்கள். அது வழியாகத்தான் மை இறங்குகிறது, அது வழியாகத்தான் காற்று ஏறுகிறது. ஒன்று அடைத்தால் இரண்டும் நின்றுவிடும். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

மார்ச் 3, வெள்ளி

பக்கம் எழுத வந்துவிட்டது. இனிக் கையெழுத்து.

என் பழைய கையெழுத்து எப்படி வந்தது என்று இன்றுதான் யோசித்தேன். நான் மூட்டை தூக்க இந்த ஊருக்கு வந்தவன். பிறகு பில் போட வைத்தார்கள். மூன்று காப்பி, நடுவில் இரண்டு கார்பன். அடிக் காப்பியில் பெயர் தெரியவில்லையென்றால் முதலாளி புத்தகத்தை மூஞ்சியில் எறிவார். அதனால் உழுது பழகினேன். 'அ' கீழே விழுந்த ஆள் மாதிரி இருக்கும். 'ருஞ்சு' எல்லாம் ஒரே கோடு. கடைசி 'னை' ஆணி அடித்தது மாதிரி. பேங்கில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தும் அதே உழவுதான்.

மைப்பேனாவில் அப்படிப் போட முடியாது. போட்டால் முள் விரியும். அழுத்தாமல் போட்டால் 'ஞ்சு' தனியாகத் தெரிகிறது. 'னை'யின் கொம்பு வட்டமாக ஏறி இறங்குகிறது. என் பெயர் இவ்வளவு அழகு என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிகிறது.

பழையதைப் பார்த்தால் கூலிக்காரன் கையெழுத்து. இது முதலாளி கையெழுத்து. எழுத்து அதேதான், ஆளும் அதேதான்.

மார்ச் 12, ஞாயிறு

ஹபீப் பாய் தன் மருமகளின் வளைகாப்புக்கு இந்த ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கையெழுத்துப் போட்டுக் காட்டினேன்.

"கலெக்டர் கெட்டார் போங்க. வத்தல் வியாபாரின்னு சத்தியம் பண்ணாலும் எவனும் நம்ப மாட்டான்."

சிரித்துக்கொண்டிருக்கும்போது ஜெகன் வந்தான். தாளை எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அப்பா, இது வேண்டாம். பழைய மாதிரியே போடுங்க. பால்பாயிண்ட்ல போடுங்க."

"கை அழுத்த மாட்டேங்குதுல்லா?"

"அப்ப கொஞ்ச நாள் பொறுங்க. அவசரப்பட்டு இப்படிப் போட்டீங்கன்னா..." நிறுத்திவிட்டான்.

"போட்டா?"

"ஒண்ணுமில்லப்பா."

பையனுக்கு வயிற்றெரிச்சல். பந்தயம் தோற்கப்போகிறது. பாய் போகும்போது சொன்னார்: "ஒங்க பையன் முகம் சரியில்லையே அண்ணாச்சி. திட்டுனீயளா?" நான் ஏன் திட்டுகிறேன்.

மார்ச் 20, திங்கள்

மண்டிக்குப் போனேன். ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் நாற்காலியில் ஜெகன் ஒரு குஷன் போட்டிருக்கிறான். எடுக்கச் சொன்னேன்.

சாம்பசிவத்தின் பார்ட்டிக்குச் செக் போக வேண்டும். நானே எழுதினேன். ஜெகன், "நாளைக்குப் போட்டுக்கலாம்ப்பா, நல்ல நேரம் பாத்து" என்றான். நல்ல நேரம் பார்க்கிற எம்.பி.ஏ.வை இன்றுதான் பார்க்கிறேன். தடியனைத் திறந்தேன். வே. அருஞ்சுனை. ஒரு திட்டு இல்லை, ஒரு உதறல் இல்லை. மை காயும்வரை மூச்சுக்கூட விடவில்லை.

ஊருக்கு வந்திருந்த சாம்பசிவம் மண்டியில்தான் இருந்தார். அவர் கையிலேயே கொடுத்தேன். ஜெகன் எழுந்து பின்கட்டுக்குப் போனான்.

சாயங்காலம் ஆட்களுக்கு அல்வா.

மார்ச் 24, வெள்ளி

பேங்கிலிருந்து போன். மேனேஜர் அம்மா திங்கட்கிழமை நேரில் வரச் சொல்கிறார். தனியாக.

மார்ச் 27, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் நாளை நானே வேறு மாதிரிச் சொல்லிக்கொள்வேன்.

மேனேஜர் அம்மா நாமக்கல் பக்கத்து ஆள். இங்கே வந்து ஒரு வருஷம்தான். நல்ல மாதிரி. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க செக் புக் யார் கைக்காவது போச்சா?"

"ஏம்மா?"

"ஒரு செக்கைத் திருப்பி அனுப்பியிருக்கோம். கையெழுத்து ஒத்துப்போகலை. யாரோ உங்க பேரை அழகா எழுதியிருக்காங்க. ஆனா உங்க கையெழுத்து இல்லை."

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு மூலையில் பல வருஷத்துக்கு முன் நான் கொடுத்த மாதிரிக் கையெழுத்து. அதற்குக் கீழே இந்த நான்கு மாதமாகப் போன செக்குகள்.

"இதெல்லாம் பாருங்க, அச்சு அசல் உங்களோடது. இந்த ஒண்ணு மட்டும்தான் வேற. போலீஸ்ல ஒரு புகார் குடுத்துடலாமா?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நான் உழுத உழவு. கீழே விழுந்த 'அ'. ஒரே கோடாக 'ருஞ்சு'. ஆணி அடித்த 'னை'. பக்கத்தில் தேதி. நவம்பர் 28. அன்று என் வாயில் குழாய் இருந்தது.

பார்ட்டிகளின் பெயரையும் பார்த்தேன். எல்லாம் கடைச் சரக்குக்குப் போனதுதான். வேறெதற்கும் ஒன்றுகூடப் போகவில்லை. திருடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காதைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

பிப்ரவரி செக்குகளும் இருந்தன. மார்ச் 18 தேதியிட்டதும் இருந்தது. அன்றைக்கு நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில்தான் அவனும் இருந்தான்.

"சார்? இந்தக் கடைசிச் செக்கு உங்க கையெழுத்தா?"

ஆமாம் என்றால் மற்றதெல்லாம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. அவர் கேட்காவிட்டாலும் அவருடைய மேலிடம் கேட்கும். என் பையன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவான். குண்டூர்வரை தெரியும். இருபது வருஷப் பெயர் ஒரு மத்தியானத்தில் போய்விடும். வியாபாரி மனசு இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. அந்த அழகுக் கையெழுத்தைப் போட்டவனின் மனசு இன்னும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றேன். இல்லாத பேத்தி ஒருத்தி வாயில் வந்தாள். "வீட்டுல பேத்தி இருக்கா. ஒண்ணாங்கிளாஸ். என் பேனாவை எடுத்து வெளையாட்டா எழுதிட்டா. கவனிக்காமக் கொடுத்துட்டேன்."

மேனேஜர் அம்மா சிரித்தார். "ஒண்ணாங்கிளாஸ்லயே இவ்வளவு அழகாவா! நல்லா வருவா சார். ஆனா செக் புக்கைப் பூட்டி வைங்க."

"வைக்கேன்."

"உடம்பு வேற சரியில்லை உங்களுக்கு. பையன் பேருக்கு மாத்திட்டீங்கன்னா நிம்மதி." ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "இதுல உங்க கையெழுத்து எங்ககிட்ட இருக்கிற மாதிரியோட ஒத்துப்போகணும், அது மட்டும் பாத்துக்கோங்க. வீட்டுல நிதானமாப் போட்டு அனுப்புங்க, அவசரமில்லை."

ஜெயக்கனியிடம் ஒன்றுதான் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

அவள் மழுப்பவில்லை. "நீங்க கண்ணே முழிக்கல. சரக்கு லாரி வந்து நிக்கி. அவன் என்ன செய்வான்?"

"அப்புறம் முழிச்சேன்லா?"

"முழிச்சீய. கை முழிக்கலையே."

"கையும் முழிச்சப்புறம்?"

"நீங்க பேனாவை வச்சிக்கிட்டுச் சந்தோசமா இருந்தீய. கெடுக்க மனசு வரலன்னான்."

மார்ச் 28, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 29, புதன்

படிவத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பால்பாயிண்டால் வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்தேன். உழ முடியவில்லை. கை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிட்டது. 'அ' எழுந்து நிற்கிறது. 'னை' வட்டமாக வருகிறது. ஆணி வரவில்லை. கடையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்த பிறகும், கொடுப்பதற்கு என் கையெழுத்து என்னிடம் இல்லை.

ஜெகனைக் கூப்பிட்டேன். சோபா நுனியில் உட்கார்ந்தான். படிவத்தை அவன் பக்கம் தள்ளினேன். படித்தான். என்னைப் பார்த்தான்.

"அப்பா, நான் வந்து..."

"பேச வேண்டாம். கீழ என் கையெழுத்தைப் போடு."

"அப்பா..."

"நான் போட்டா பேங்க்ல திருப்பி அனுப்பிருவாங்க. போடுலே."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிஜமாகவே துடைத்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு பால்பாயிண்டை எடுத்தான். தாளுக்கு அடியில் கெட்டியாக ஒரு நோட்டை வைத்தான். தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான். நான் அப்படித் தள்ளுவேன் என்று எனக்கே தெரியாது.

போட்டான். ஒரு இடத்தில்கூடக் கை நிற்கவில்லை.

"தேதி?" என்றான்.

"அதையும் நீயே போட்டுக்கோ" என்றேன்.